சாப்பிடாத பாம்பும் என் மகளின் கைகளும்

ஓர் உயிர் சாப்பிட மறுக்கும்போது, அது மறுப்பது சாப்பாட்டையா, அதைக் கொண்டுவரும் கையையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாம்பைப் பற்றிய கேள்வியாகத்தான் தொடங்கியது. பாம்பு இப்போது நன்றாக இருக்கிறது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் தன் மரப்பட்டைக் குகைக்குள் சுருண்டு கிடக்கிறது. கேள்விதான் போகவில்லை.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் ஒக்டோபர் மாதத்தில். மகளுக்கு அப்போது ஏழு வயது. கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில், மூன்று மாடி வீடொன்றின் நடு மாடியில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். நாய் வேண்டும், இல்லாவிட்டால் பூனையாவது வேண்டும் என்று அவள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டு ஒப்பந்தத்தில் நாயும் பூனையும் கூடாதென்று எழுதியிருந்தது. நான் அந்தத் தாளைக் காட்டிக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணவர் ஒரு கண்ணாடித் தொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வெளிப்படிக்கட்டில் ஏறி வந்தார். அவரோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரர் காதலியின் வீட்டுக்குக் குடிபோகிறாராம். காதலிக்குப் பாம்பென்றால் பயமாம்.

"ஒப்பந்தத்தில பாம்பெண்டு எழுதேல்லைத்தானே," என்றார்.

"உங்களுக்கு விசரோ?"

"பாவமப்பா. வேற ஒருத்தரும் எடுக்கிறாங்கள் இல்லை. குட்டிதான். விஷமும் இல்லை."

"ஆரிலை பாவம், அவனிலையோ பாம்பிலையோ?"

"ரெண்டு பேரிலையும்தான்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெங்கிணாந்தி என்று சொல்லும் மலைப்பாம்பு இனத்தில் சிறிய வகை அது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். அதனால் ஆங்கிலத்தில் அதற்குப் பந்து மலைப்பாம்பு என்று பெயர். பிரெஞ்சில் ராஜ மலைப்பாம்பு என்கிறார்கள். எங்களிடம் வந்தபோது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குமான நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. மகள் அன்று மாலையே அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவளுடையது.

கொடுத்தவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் கையால் எழுதி அனுப்பியிருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கி, குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். நான் பாம்புக்குப் பயந்தவள். ஆனால் ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்தால் அதைப் பிழையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று நினைப்பவள். வாரம் ஒரு சுண்டெலி. வெள்ளிக்கிழமைகளில். உறைந்த எலியைப் பையோடு இளஞ்சூட்டு நீரில் வைத்து உருகவிட வேண்டும். நீண்ட இடுக்கியால் பிடித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் இரண்டு நாட்கள் தூக்கக் கூடாது. என்னுடைய கையெழுத்தில், வரிக்கு வரி ஒழுங்காக எழுதியிருந்தேன். 'பையோடு' என்பதையும்.

முதலில் மாற்றியது கிழமையைத்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. "அது பாம்புக்குத் தெரியுமே?" என்று கணவர் சிரித்தார். பாம்புக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே என்றேன். சனிக்கிழமைக்கு மாற்றினோம். எலிகளை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, இரண்டு பையால் சுற்றி, ஃப்ரீசரின் அடியில் தேங்காய்ப்பூவுக்கும் மீனுக்கும் எட்டாத மூலையில் வைத்தேன்.

முதல் ஐந்து வாரங்கள் கணவர்தான் தீன் கொடுத்தார். ஒருநாளும் பிசகியதில்லை. இடுக்கியின் நுனியில் எலியை ஆட்டியதும் பாம்பு நாக்கை இரண்டு மூன்று தரம் நீட்டும். பிறகு என்ன நடந்ததென்று கண்ணுக்குத் தெரியாது. எலியைச் சுற்றி இறுகியிருக்கும். மகள் கை தட்டுவாள். நான் அடுப்பங்கரையில் நின்று, முடிந்துவிட்டதா என்று கேட்பேன்.

நவம்பர் கடைசியில் அவரை மாலை முறைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமையும் பெரும்பாலும் வேலை. பாம்பு என் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நான் காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போவேன். மத்தியானம் மெற்றோவில் திரும்பி, தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கி, மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். பிறகு வீடு, சமையல், மகளின் வீட்டுப்பாடம். அதன்பின் மகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற பெரிய வேலை. ஏழு வயதிலும் நான்தான் தீத்திவிடுவேன். ஒரு வாய் சோற்றை அரை மணித்தியாலம் கன்னத்தில் வைத்திருப்பாள். கோப்பையோடு அறைக்கு அறை பின்னால் போவேன். அது பிழை என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டால் சாப்பிடாமலே படுத்துவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். இப்போது அதன்மேல் பாம்பும்.

முதல் சனிக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு எலியை அதன் பையோடு வெளியே எடுத்தேன். அது உறைபனி படிந்து, மயிர் ஒட்டிப்போய், யார் யாரோ தொட்ட பெட்டிக்குள் கிடந்தது போல இருந்தது. அதற்கென்று ஒதுக்கிவைத்த கிண்ணத்தில் இளஞ்சூட்டு நீர் விட்டேன். பையிலிருந்து எலியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்து, உருகியதும் இரண்டு தண்ணீரில் அலசினேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. மீனோ கோழியோ ஆடோ எங்கள் வீட்டுக்கு வந்தால் மஞ்சள் போட்டுக் கழுவாமல் சட்டிக்குள் போகாது. மகளுக்குக் கொடுப்பதை எப்படிக் கழுவுவேனோ அப்படித்தான் கழுவினேன். ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், கழுவாத ஒன்றை இன்னொரு உயிருக்கு நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டியது. பிறகு மெல்லத் தலையைப் பின்னுக்கு இழுத்துச் சுருண்டுகொண்டது.

"பசிக்கேல்லைப் போல," என்றாள் மகள்.

அடுத்த சனியும் அப்படி. அதற்கடுத்த சனியும். எலியை உள்ளே வைத்துவிட்டுத் தொட்டியைத் துணியால் மூடிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் எலி வைத்த இடத்திலேயே கிடக்கும். பாம்பு மறு மூலையில் இருக்கும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அது அலையத் தொடங்கியது. விளக்கு வைக்கும் நேரமானால் தொட்டியின் நான்கு பக்கமும் ஊர்ந்து, மூலையில் நிமிர்ந்து, மூடியின் கம்பிவலையை மூக்கால் முட்டும். விழும். மறுபடி ஏறும். கம்பியில் செதில் உரசும் சத்தம் பெரிய சத்தமில்லை. ஆனால் சமைத்துக்கொண்டிருக்கும்போதும், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும், சுவாமிப் படத்துக்கு முன் நிற்கும்போதும் அதுதான் கேட்கும். மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். காரணங்கள் ஒரு பக்கம் முழுவதும் இருந்தன. குளிர், வறண்ட காற்று, தோலுரிக்கும் காலம், ஒளிய இடமின்மை, இடம் மாறியது, அதிகம் தூக்குவது, எதுவுமே இல்லாமல் வெறுமனே பனி பெய்யும் மாரிகாலம். இந்த வகைப் பாம்புகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடும், அதனால் கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. குட்டி என்றால் கவலைப்பட வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. வெப்பமானியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்த்தேன். மா நிறுக்கும் தராசில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை வைத்து அதற்குள் பாம்பை விட்டு நிறுத்தேன். பிறகு தராசை மூன்று தரம் கழுவினேன். ஒவ்வொரு வாரமும் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிரெஞ்சு வகுப்பில் ஒரு திங்கட்கிழமை ஆசிரியை வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது, "என் பாம்பு சாப்பிடுவதில்லை" என்றேன். அந்த மொழியில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். ஆசிரியை, வேறு சொல் சொல்ல நினைத்தீர்களா என்று அன்பாகக் கேட்டார். இல்லை, பாம்புதான் என்றேன்.

அன்று மத்தியானமே செல்லப்பிராணிக் கடை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓர் இளம்பெண் பொறுமையாகக் கேட்டாள். தொட்டி எவ்வளவு பெரிது, சூடு எவ்வளவு, தண்ணீர் வைத்திருக்கிறீர்களா, எத்தனை நாளைக்கு ஒருதரம் அதைத் தூக்குகிறீர்கள்?

என் மகள் ஒவ்வொரு நாளும் தூக்குவாள் என்றேன்.

"ஆ, வொயலா!" என்றாள், தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுபோல. அதிகம் தூக்கினால் சில பாம்புகள் பயந்து சாப்பாட்டை விட்டுவிடும், சில வாரம் தொடாமல் விட்டுப் பாருங்கள் என்றாள்.

எலியை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கழுவுவது சொல்லவேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் அதை ஒவ்வொரு நாளும் தூக்கினாள் என்பது உண்மை. முதலில் தொடவே பயந்தவள். நவம்பர் முழுக்க ஒரு விரல், இரண்டு விரல் என்று பழகி, டிசம்பரில்தான் முழுதாகக் கையில் எடுத்தாள். பள்ளியிலிருந்து வந்து கை கழுவி, சோபாவில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பாம்பை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். பள்ளிப் புத்தகத்தை அதற்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவாள். சாப்பிடாமல் போன பிறகு, "மான்ஜ், மான்ஜ்" என்று அதன் தலைக்குக் கிட்டக் குனிந்து மெல்லச் சொல்வாள். சாப்பிடு, சாப்பிடு என்று. நான் அவளுக்குச் சொல்லும் அதே குரலில். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று ஆசிரியர் எழுதி அனுப்பியிருந்த வருடம் அது. வீட்டில் அவள் அதிகம் கதைத்தது பாம்போடுதான்.

நான் அவளிடம் அதைச் சொன்ன மாலை நன்றாக நினைவிருக்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை இழுத்துக்கொண்டு நடந்து வந்ததில் என் கால்கள் நனைந்து விறைத்திருந்தன. சோறும் பருப்பும் பிசைந்த கோப்பையோடு அவளுக்குப் பின்னால் மூன்றாவது தரமாக வரவேற்பறைக்கு வந்தேன். பாம்பு வலையை முட்டிக்கொண்டிருந்தது. அவள் தொட்டிக்குள் கையை விடப் போனாள்.

"முதல் இந்த வாயை வாங்கு."

"வேண்டாம் அம்மா. நானும் அதுவும் பசிச்சாச் சாப்பிடுவம்."

"அது ஏன் சாப்பிடேல்லையெண்டு தெரியுமோ? நீ ஒவ்வொரு நாளும் தூக்கித் தூக்கித்தான். கடைக்காரப் பிள்ளை சொன்னவ. உன்ரை கையாலைதான் அது பட்டினி கிடக்குது."

அவள் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். அழவில்லை. சோபாவில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள். அன்று கோப்பை முழுவதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கோப்பையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அது செத்துப்போனா, அது என்னாலையோ?"

"சாகாது. நீ போய்ப் பல்லை மினுக்கு."

அவள் கேட்டது சாகுமா என்றில்லை. நான் அதற்குத்தான் பதில் சொன்னேன்.

அதன்பிறகு அவள் பாம்பைத் தொடவில்லை. நான் மறுபடி சொல்லத் தேவையே வரவில்லை. தொட்டியைத் தாண்டிப் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள். தூர நின்று பார்ப்பாள். சனிக்கிழமை வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "சாப்பிட்டதோ?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பாள். கணவர் ஒருநாள் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, நீர் இளைச்சுப்போனீர். வீட்டில ஆர் பட்டினி கிடக்கிறதெண்டே விளங்கேல்லை."

"பகிடி விடாதேங்கோ."

"அவனிட்டையே திருப்பிக் குடுப்பமோ?"

"அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? உன்னாலை சாப்பிடாததாலை குடுத்திட்டமெண்டோ?"

அவர் சப்பாத்து நூலை இறுக்கினார். பாம்புகளைப் பார்க்கும் ஒரு மிருக வைத்தியரைத் தேடிப் பிடித்தோம். நாள் கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அது தாங்குமா என்று கேட்டேன். இங்கிருந்து எப்படிச் சொல்வது அம்மணி என்றார்கள்.

கீழ் மாடியில் ஓர் அக்கா இருந்தார். திருகோணமலைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எதையும் நேரே சொல்பவர். பாம்பு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. படிக்கட்டில் நின்றே கதைத்துவிட்டுப் போவார். "வெள்ளியிலை சாம்பிராணி காட்டேக்கை அதுக்கும் சேத்துக் காட்டுறீரோ பிள்ளை?" என்று கேலி செய்வார். ஏழாவது சனிக்கிழமை மத்தியானம், கறிவேப்பிலை கேட்டு வந்தவரைக் குளிர் உள்ளே தள்ளியது. பாம்பு இருந்த அறையின் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். நான் சிங்குக்கு முன்னால் கையுறையோடு நின்றேன்.

"என்ன மீன்?"

"மீன் இல்லை அக்கா. அதின்ரை சாப்பாடு."

எட்டிப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் எலி மிதந்துகொண்டிருந்தது.

"ஐயோ கடவுளே! எலிக்கு மஞ்சள் போட்டுக் கழுவுறீரோ?"

"கழுவாமல் என்னெண்டு குடுக்கிறது?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொஞ்சம் மிளகாய்த்தூளும் போடும். பேந்து தேங்காய்ப்பால் விட்டு இறக்கும். பாவி, அது காட்டுப் பிராணி. அதுக்குக் கறியே வைக்கிறீர்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கையுறைக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அந்த மஞ்சள் நிறத்தை முதல்தரம் பார்த்தேன். ஏழு வாரமாகக் கலக்கிய நிறம்.

நான் ஊரில் உயிரியல் படித்தவள். பட்டமும் பெற்றவள். உயர்தரப் பரீட்சைக்குப் பாம்பின் தலையைக் குறுக்கே வெட்டிப் படம் வரைந்து, அது நாக்கால் காற்றிலுள்ள மணத்தை எடுத்து மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பில் வைத்து அறிகிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். பாம்பு தன் உணவை மணத்தால்தான் அறியும். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மணத்தை உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி ஊற்றிவிட்டு, மிச்சத்தை அதன் முன்னால் நீட்டினேன். என் கையால் ஒட்டிய தாள் எனக்கு இரண்டடி தள்ளி இருந்தது. பையோடு என்று அதில் இருந்தது.

அக்கா கறிவேப்பிலையோடு போனபின் அந்த எலியை எறிந்துவிட்டு இன்னொன்றைப் பையோடு சூட்டு நீரில் வைத்தேன். கழுவவில்லை. துடைக்கவும் இல்லை. காத்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு காரியம் செய்தேன். அவற்றைச் செய்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. தொட்டியின் மூன்று பக்கமும் கடதாசி ஒட்டி மறைத்தேன். சூட்டையும் கொஞ்சம் கூட்டினேன். இரண்டும் அந்தப் புத்தகத்தில் இருந்த யோசனைகள். எதையாவது விட்டுவிட்டேனோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் செய்தேன்.

அன்று கணவருக்கு ஓய்வு நாள். நித்திரையிலிருந்து எழும்பி வந்து அவரே இடுக்கியைப் பிடித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டியது. ஒருதரம். இன்னொருதரம். பிறகு எலி இடுக்கியில் இல்லை.

"பிள்ளை, ஓடி வா!" என்று கணவர் கத்தினார்.

அவள் ஓடி வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வந்தாள். பாம்பு சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததை வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"பாத்தியோ," என்றார் அவர், அவளுடைய தலையைத் தடவி. "நீ தொடாமல் விட்டாய், அது சாப்பிட்டிட்டுது. கெட்டிக்காரி."

அவளுடைய முகம் மலர்ந்தது. "நான் தொடேல்லை அம்மா," என்றாள் என்னைப் பார்த்து. "ஒருக்காலும் தொடேல்லை. அதாலைதான், என்ன?"

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. என் கையில் இன்னும் மஞ்சள் பட்ட கையுறை இருந்தது. இல்லை செல்லம், அம்மாதான் பிழை விட்டது என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக நின்றாள். கணவரும் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு நின்ற இடத்திலேயே படுத்து நித்திரை கொள்ளவேண்டும் போலிருந்தது. யார் கண்டது, ஏழு வாரப் பசி, கடதாசி மறைப்பு, சூடு, அவருடைய கை, தொடாத அவளுடைய கை, இவற்றில் எதுவோ. நிச்சயமில்லாத ஒன்றை ஏன் இப்போது சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு பாம்பு ஒழுங்காகச் சாப்பிடுகிறது. மூக்கு ஆறியது. வைத்தியரின் நாளை ரத்துச் செய்தோம். கணவரிடம் அன்றிரவே மஞ்சள் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளைக்குச் சொல்லாதையும், பேந்து பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லிப்போடும்," என்றார். அவருக்கு அது ஒரு பகிடி.

அவளுக்கு இப்போது ஒன்பது வயது. பாம்பின் தண்ணீரை மாற்றுவாள், ஒளியும் குகையைக் கழுவுவாள், தோல் உரித்தால் அந்தச் சட்டையை எடுத்துப் பத்திரப்படுத்துவாள். ஆனால் பாம்பைத் தொட மாட்டாள். நான்தான் தூக்கிப் பெட்டியில் விடவேண்டும். பாம்புக்குப் பயந்த நான். "உனக்கு விருப்பமெண்டால் தூக்கு," என்று பல தரம் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் அம்மா, அது சாப்பிடாமல் விட்டிடும்," என்பாள் சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வதுபோல.

அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன். போன மாதம் கீழ் மாடி அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பார்க்கப் போனோம். அக்கா பிள்ளையை என் மகளின் மடியில் வைக்கப் போனார். "வாடி, தூக்கு. நீ பெரிய பிள்ளைதானே." அவள் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டாள். "நான் பாக்கிறன், காணும்," என்றாள். அக்கா, வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த இருப்பை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன். ஆனால் என்ன சொல்வது? மஞ்சள்தான் காரணம் என்று எனக்கே நிச்சயமில்லை. கடைக்காரப் பெண் சொன்னது உண்மையாகவும் இருக்கலாமே. நான் படித்த படிப்பு இதைத் தீர்க்கும் வழியைச் சொல்லித்தருகிறது. மறுபடி மஞ்சளில் கழுவிக் கொடுத்துப் பார்க்கலாம். அதை நான் செய்ய மாட்டேன். அந்த மூக்கை இன்னொருதரம் சிவக்கவிட என்னால் முடியாது. மற்ற வழி சுலபம். மகளைத் தினமும் பாம்பைத் தூக்கச் சொல்லி, சனிக்கிழமை கழுவாத எலியைக் கொடுப்பது. சாப்பிட்டால் அவளுடைய கைகளில் ஒரு குற்றமும் இல்லை என்று அவள் தன் கண்ணால் காண்பாள். நான் சொல்வதைவிட அது பெரிது. ஆனால் இப்போது மறுபடி மாரி தொடங்குகிறது. இந்தப் பாம்புகள் மாரியில் காரணமே இல்லாமல் சாப்பாட்டை விடுவதுண்டு என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. அவள் தூக்கிய வாரமே அது அப்படி விட்டுவிட்டால், அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாளா?

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். இப்படிப் பாம்பு வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மஞ்சள் மணத்துக்கு அது உணவை விடுமா, கைபட்டு விடுமா என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பாம்பையே பார்த்திராதவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், நீங்களும் எழுதுங்கள். இளவேனில் வரும்வரை பொறுத்திருந்து அவளைத் தூக்கச் சொல்வதா, இல்லை, நிச்சயம் ஒன்றும் தெரியாமலே இந்த வாரமே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் 'ஓம்' என்று சொன்னது பொய் என்று சொல்வதா? சொல்வதென்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எந்த வார்த்தையில் தொடங்குவது?